கருவேலங்குடி கூக்ளியைத் தடைசெய்த கதை

கருவேலங்குடியில் பெண்பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதை யாரும் எதிர்த்ததில்லை. எதிர்ப்பதென்றால் முதலில் அதைக் கவனித்திருக்க வேண்டும், அதற்கு யாருக்கும் பொழுதில்லை. தண்ணீர் லாரி ஓட்டும் சந்தனத்தின் மகள் முத்திருளாயி, பள்ளிக்கூட மைதானத்துச் செம்புழுதியில் மணிக்கட்டைச் சுழற்றிச் சுழற்றிப் பந்து போட்டுக்கொண்டிருந்ததை, அந்த வழியே குடத்தோடு போனவர்களும் ஆட்டோடு போனவர்களும் வேப்பமரம் காற்றில் அசைவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் மாவட்ட அணியில் சேர்ந்தபோதும் அப்படியே பார்த்தார்கள். பக்கத்து மாவட்டத்தோடு நடக்கவேண்டிய ஆட்டம் அதே மைதானத்துக்கு வந்தபோது, வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் மொத்தமும் இரண்டு ஆடுகளும் அவற்றைத் தேடி வந்தவரும்தான்.

அந்த ஆட்டத்தில்தான் அது நடந்தது. முத்திருளாயி போட்ட லெக் பிரேக், கால் பக்கம் குத்தி, வெளியே திரும்பி, ஆடியவளின் மட்டையை மரியாதையாகக் கடந்து, ஆஃப் ஸ்டம்பைச் சாய்த்தது. பந்து குத்திய இடத்தில் மண் கறுத்தது, கறுத்த மண் கொப்பளித்தது, கொப்பளித்த மண்ணைப் பிளந்துகொண்டு தண்ணீர் வந்தது. அம்பயர் குனிந்து பார்த்து, மரத்தூள் கொண்டுவரச் சொன்னார். மரத்தூள் கொட்டினார்கள், அது மிதந்தது. சாக்கு விரித்தார்கள், அதுவும் மிதந்தது. அம்பயர் ஆட்டத்தைக் கைவிட்டு, காரணம் என்ற இடத்தில் 'ஆடுகளம் ஈரம்' என்று எழுதினார். மூன்று வருஷமாக மேகம்கூடத் தலைகாட்டாத மாவட்டத்தில் ஈரத்தால் நின்ற ஆட்டம் அது ஒன்றுதான் என்பது அவருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் அம்பயர்களுக்குத் தோன்றுவதை எழுத எந்தத் தாளிலும் இடம் விடுவதில்லை.

முத்திருளாயி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு திரும்பினாள். எதிரே ஊர்ப் பெண்கள் கூட்டமாக ஓடிவந்தார்கள். தன்னைக் கட்டிப்பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று அவள் நினைத்தாள். அவர்கள் அவளைத் தாண்டிப் போய்க் குடத்தை வைத்தார்கள். பச்சையும் சிவப்புமாய்ப் பிளாஸ்டிக் குடங்கள் இந்த ஸ்டம்புக்கும் அந்த ஸ்டம்புக்கும் நடுவே வரிசை கட்டின, அந்த வரிசையில் உடனே சண்டையும் வந்தது. கைவிடப்பட்ட ஆட்டத்தில் விழுந்த விக்கெட் கணக்கில் சேராது என்பது மாவட்டக் கிரிக்கெட் சங்கத்தின் வழக்கம். அதனால், தண்ணீர் வந்தது மட்டும் கணக்கில் சேர்ந்தது.

இப்படியாக அவளுடைய கிரிக்கெட் வாழ்க்கை தொடங்கியது, அல்லது தொடங்காமலே நடந்தது. எந்த ஊரில் ஆடினாலும் அவள் ஒருத்தியை ஏமாற்றி வீழ்த்திய மறுநிமிடம் ஊற்று கிளம்பியது, ஊற்று கிளம்பிய மறுநிமிடம் ஆட்டம் நின்றது. சங்கத்தார் அதற்காக வியக்கவில்லை, கோபப்படவும் இல்லை, நாற்காலிகளை மேடான பக்கம் போடச் சொன்னார்கள். அணித் தலைவிகள்தான் சீக்கிரம் தெளிந்தார்கள். ஜெயிக்கிற ஆட்டத்தில் அவளை எல்லைக் கோட்டருகே நிறுத்தி வைத்தார்கள். தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் கூப்பிட்டுப் பந்தைக் கொடுத்தார்கள். "முத்து, சீக்கிரம் ஒண்ணத் தூக்கு, வீட்டுக்குப் போகலாம்" என்பார்கள். அவள் தூக்கினாள், வீட்டுக்குப் போனார்கள், இரண்டு அணிக்கும் பாதிப் பாதிப் புள்ளி. மாவட்டத்திலேயே மிகச் சிறந்த பந்துவீச்சாளர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட அவளுடைய பெயருக்கு எதிரே, வருஷக்கணக்காக ஒரு விக்கெட்டும் இல்லை.

ஊர் அதற்குள் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. கருவேலங்குடியில் நீரோட்டம் பார்ப்பவர் பால்ச்சாமி. உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காடெல்லாம் நடந்து, தேங்காய் எங்கே செங்குத்தாய் எழுந்து நிற்கிறதோ அங்கே போர் போடச் சொல்வார். அவர் சொன்ன இடத்தில் போர் போட்டவர்களுக்குப் புழுதி வந்தது, இருந்தாலும் அடுத்த போருக்கும் அவரைத்தான் கூப்பிட்டார்கள், தெரிந்தவர் என்பதால். முதல் ஊற்றைப் பார்த்த அன்றே பால்ச்சாமி தேங்காயை உடைத்துச் சட்னிக்குக் கொடுத்துவிட்டு, முத்திருளாயி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஆத்தா, நம்ம கொல்லைல ரெண்டு பந்து போட்டுட்டுப் போ."

"அண்ணே, சும்மா போட்டா வராதுண்ணே. எதுக்க ஒரு ஆளு நின்னு அவுட்டாகணும்."

"ஆளுக்கா பஞ்சம்? எம் மச்சினன் இருக்கான், காலேலருந்து சும்மாதான் உக்காந்திருக்கான்."

மச்சினன் தென்னைமட்டையோடு நின்றார், அவுட்டானார், தண்ணீர் வந்தது. மறுநாள் பக்கத்து வீடு, அதற்கு மறுநாள் அடுத்த தெரு. மாதம் திரும்புவதற்குள் இல்லப் பந்து விழா என்று பத்திரிகை அடிக்கும் அளவுக்கு அது வளர்ந்தது: கொல்லையைக் கூட்டி, சாணம் தெளித்து, மூன்று குச்சிக்கும் மஞ்சள் பூசி, வீட்டு மாப்பிள்ளைக்குப் புதுத்துண்டு கட்டி மட்டையோடு நிறுத்தினார்கள். மாப்பிள்ளை ஸ்டம்பை விட்டு நகர்ந்து வேண்டுமென்றே கோட்டைவிட்ட வீடுகளில் மண்வாசனை மட்டும் வந்தது, தண்ணீர் வரவில்லை. ஆகவே மனதார ஆடி, மனதார ஏமாந்து, மனதார அவுட்டாக வேண்டும் என்று தெரிந்தது. இது கருவேலங்குடி ஆண்களுக்கு ஒரு சிரமமும் தரவில்லை. பொம்பளப்பிள்ளை பந்தில் என்ன இருக்கிறது என்று முழு மனதோடு மட்டையைத் தூக்கினார்கள், முழு மனதோடு அவுட்டானார்கள், பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுக்குத் தண்ணி வேணும்ல, அதான் விட்டுக்குடுத்தேன்" என்றார்கள். விட்டுக்கொடுத்தால் தண்ணீர் வராது என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் மாப்பிள்ளைகளிடம் அதை யார் போய்ச் சொல்வது?

நஷ்டப்பட்டவர் ஒருவர்தான். சந்தனத்தின் தண்ணீர் லாரி வேலிக்கருவை நிழலில் நின்றது, அதன் நிழலில் ஆடுகள் படுத்தன. "எம்மக எம்பொழப்புலயே மண்ணப் போட்டா" என்று சந்தனம் டீக்கடையில் சொல்வார், சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது வருத்தமா பெருமையா என்று அவருக்கே பிடிபடாது. அரசாங்கம் கூட்டுக் குடிநீர்க் குழாய் கொண்டுவருவதற்காகத் தோண்டிய பள்ளத்தை ஊரே போய்த் திருப்பி மூடிவைத்தது, குழிக்குள் கன்றுக்குட்டி விழுகிறது என்று. குழாயை அடுத்த ஊருக்குக் கொண்டுபோனார்கள். நூறு வருஷத்து ஊருணியில் மண்ணடித்து, பேரூராட்சித் தலைவர் ஒரு கல்யாண மண்டபம் கட்டினார், குளிர்சாதன வசதியோடு. அதன் திறப்பு விழாவில், ஊருக்கு இனித் தண்ணீர்க் கவலை இல்லை என்று பேசியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அந்தக் கவலை முழுவதும் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தியின் வலது மணிக்கட்டில் இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. நன்றியுரையில் அவளுடைய பெயர் விட்டுப்போனது. வேண்டுமென்று அல்ல, வீட்டுப்பிள்ளைக்கு யார் நன்றி சொல்வார்கள்?

எல்லாம் இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கணக்கு வாத்தியார் வீட்டுக்கு முறை வந்தது. ஓய்வுபெற்ற மனிதர், டிவியில் ஆட்டம் பார்ப்பவர், அவளுடைய கையையே உற்றுப் பார்த்து, காலை முன்னே வைத்து, லெக் பிரேக் ஒவ்வொன்றையும் அழகாகத் தடுத்துத் தடுத்து வைத்தார். வீட்டுக்காரம்மா வாசலில் நின்று, "அவுட்டாகித் தொலைங்களேன், உலை வைக்கணும்" என்று கத்தினாள். முத்திருளாயிக்கோ உடம்பெல்லாம் பூரித்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளை யோசிக்க வைத்த ஆள். அவள் கையை அதேபோல் கொண்டுவந்து, கடைசி நொடியில் புறங்கை முன்னால் தெரிய விட்டாள்: கிளம்பும்போது லெக் பிரேக் போலவே கிளம்பி, குத்தியபின் எதிர்ப்பக்கம் திரும்பும் கூக்ளி, அதுவரை யாருக்கும் போடத் தேவைப்படாத பந்து. வாத்தியார் வெளியே ஆடப்போனார், பந்து உள்ளே வந்தது, நடுக்குச்சி பறந்தது.

"அடடா!" என்றார் வாத்தியார். அந்த ஊரில் அவளுடைய பந்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான். தண்ணீரும் வந்தது. வீட்டுக்காரம்மா ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள். உப்பு, கடல் உப்பு.

வாரத்துக்குள் அந்தத் தெரு ஊற்றெல்லாம் உப்பாயின. சோப்பு நுரைக்கவில்லை, சோறு மஞ்சளித்தது, துணி விறைத்தது. முத்திருளாயியை அந்தத் தெருவிலேயே நிறுத்தி, தெருவில் உள்ள ஆண்களையெல்லாம் வரிசையாக லெக் பிரேக்கில் அவுட்டாக்க வைத்து, ஒருவழியாகத் தண்ணீரை மீட்டார்கள். அதன் பிறகு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள்.

"நீ நம்ம ஊருக்கே பெருமை ஆத்தா" என்று தலைவர் தொடங்கினார். "அதனாலதான் உரிமையா சொல்றோம். அந்த உப்புப் பந்த மட்டும் விட்டுரு."

"அதுதான் சார் என் பந்து. அது இருந்தாத்தான் மத்தது எடுபடும். இது வருதா அது வருதான்னு அவ யோசிக்கணும்."

"யாரு யோசிக்கணும்?"

"பேட் பண்றவ."

"அவ எதுக்கு யோசிக்கணும்? அவ என்ன நம்ம ஊரா?"

"இங்க போடல சார். வெளியூர் மேட்ச்ல மட்டும் போட்டுக்கிறேன்."

பால்ச்சாமி எழுந்தார். இப்போது அவர் பந்து நீரோட்ட ஆலோசகர். "பூமிக்கு அடில எல்லாம் ஒரே தண்ணிதான். டெல்லில போய்ப் போட்டாலும் உப்பு இங்கதான் ஏறும்."

பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "அப்ப டெல்லில இனிப்புப் பந்து போட்டா, இங்க இனிப்பு கூடுமாய்யா?"

"அது கூடாது. உப்பு மட்டும்தான் அம்புட்டுத் தூரம் ஓடும்."

இதில் இருந்த விஞ்ஞானம் எல்லோருக்கும் பிடித்துப்போனது. கருவேலங்குடி எல்லைக்குள்ளும் வெளியிலும் கூக்ளி போடக்கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. மைக் கட்டிய ஆட்டோவில் தெருத்தெருவாகச் சொன்னார்கள், சொல்லுக்குப் பொருள் தெரியாத கிழவர்கள்கூட அன்று மாலை கூக்ளியைக் கண்டித்துப் பேசினார்கள். முத்திருளாயி சரி என்றாள். உப்புச் சோற்றை அவளும்தான் தின்றிருந்தாள். பச்சைக்குழந்தைகள் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு அழுததை அவளும்தான் கேட்டிருந்தாள். ஆனால் தினமும் அரிசி ஆலையின் பின்சுவருக்கு எதிரே நின்று, ஆளில்லாத சுவருக்கு, தண்ணீர் வராத கூக்ளிகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். சுவர் ஏமாறாது என்பதால் பூமிக்கு அது தெரியாது. செய்வது திருட்டா பயிற்சியா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. இரண்டுக்கும் தேவைப்பட்ட வியர்வை ஒன்றாகவே இருந்தது.

இரண்டு வருஷம் கழித்துப் பெண்கள் லீக்குக்கு ஆள் எடுக்கும் ஆட்டம் திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்தது. சம்பளத்துக்கு ஆடும் ஆட்டம், ஆட்டத்தையே பிழைப்பாக வைத்துக்கொள்ளும் வாழ்க்கை. இருபத்தேழு வயது அவளுக்கு, அடுத்த வருஷம் யாரும் கூப்பிடமாட்டார்கள். அதைவிட முக்கியம், அங்கே ஆடுகளம் சிமெண்டு. மேலே பச்சை விரிப்பு. தண்ணீர் தலைகாட்ட வழியில்லை, ஆட்டம் நிற்காது, விழுகிற விக்கெட் கணக்கில் ஏறும்.

ஊர் அவளைத் தனியாக அனுப்பவில்லை. வேன் பிடித்துத் தலைவர், பால்ச்சாமி, மாப்பிள்ளைகளில் சிலர், புளிசாதம் என்று கிளம்பினார்கள், அவளை உற்சாகப்படுத்தவும் அவளுடைய மணிக்கட்டைக் கண்காணிக்கவும். சந்தனமும் ஏறினார். அவரை ஜன்னலோரம் உட்காரவிடாமல் நடுவில் உட்கார வைத்தார்கள். லாரி ஓடவேண்டுமென்றால் உப்பு வரவேண்டும் என்ற கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "ஏப்பா சந்தனம், மக காதுல ஏதும் ஊதிறாத" என்றார் தலைவர்.  சந்தனமும் மூன்று நாளாக இதைப்பற்றித்தான் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: மகள் அந்தப் பந்தைப் போடவேண்டும் என்று தனக்குத் தோன்றுவது அவளுக்காகவா, லாரிக்காகவா.

வெறும் லெக் பிரேக் போதாது என்று முதல் ஓவரிலேயே தெரிந்துபோனது. எதிரே ஆடியவள் சென்னைக்காரி, ஏற்கெனவே மாநில அணியில் இருப்பவள், முத்திருளாயியின் லெக் பிரேக்குகளை இரண்டு பந்து பார்த்தாள், மூன்றாவதைத் தூக்கிக் கல்லூரி உணவகத்தின் மேல் போட்டாள். எல்லைக் கோட்டருகே இருந்து கருவேலங்குடிக்காரர்கள், "இனிப்பு! இனிப்பு! இனிப்பே போடு ஆத்தா!" என்று கத்தினார்கள். சென்னைக்காரி கீப்பரிடம் திரும்பி, "இங்க ஸ்வீட் விக்கிறாங்களா?" என்று கேட்டாள்.

கீப்பர் ரெஜினா தூத்துக்குடிக் கடற்கரைக்காரி, பல வருஷமாக முத்திருளாயியின் பந்தைப் பிடிப்பவள். ஓவர் நடுவே கையுறையை வாயருகே வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏளா முத்து, அவ உன்ன வெச்சு விளையாடுதா. எப்பம்ளா மத்தத எடுக்கப்போற?"

"போட்டா ஊர்ல உப்பு ஏறிரும்க்கா."

"எங்கூர்ல கொழம்பு வைக்கதே உப்புத் தண்ணிலதாம்ளா. நாங்க என்ன செத்தா போனோம்?"

"உங்கூர்ல கடல் குடுத்துச்சு. இங்க நான் குடுத்ததாகும்."

ரெஜினா கையுறையை இறுக்கிக்கொண்டாள். "சரி, அப்பம் நீ தண்ணி லாரியா, பௌலரான்னு முடிவு பண்ணிக்க. எனக்கு முட்டி வலிக்கி" என்றுவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

முத்திருளாயி பந்தைத் தேய்த்தாள். தேர்வு செய்ய வந்த அம்மாள், பந்தல் நிழலில் கறுப்புக் கண்ணாடியோடு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் பூசிய குச்சிகளும், துண்டு கட்டிய மாப்பிள்ளைகளும், மண்டபமும் அவளுக்குள் வந்து போயின. அழுத குழந்தைகளும் வந்தன, அவை மட்டும் போகவில்லை. அவை இருக்கும்போதே அவள் ஓடிவந்தாள். புறங்கை முன்னே தெரிந்தது. சென்னைக்காரி வெளியே ஆடப்போனாள், பந்து உள்ளே வந்தது, நடு ஸ்டம்பும் லெக் ஸ்டம்பும் சேர்ந்து விழுந்தன. பச்சை விரிப்பு அசையக்கூட இல்லை. ஆட்டத்தை யாரும் நிறுத்தவில்லை. பலகையில் அவள் பெயருக்கு எதிரே ஒன்று என்று ஏறியது, பெயரைத் தப்பாகத்தான் எழுதியிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். இவளை எடுத்துக்கொள்வது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டதாகப் பின்னால் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். அந்த நிமிடத்தில் முத்திருளாயிக்கு அது தெரியாது.

தெரிந்தது வேறு. முதலில் தலைவரின் போன் அடித்தது. காப்பி உப்புக் கரிக்கிறது என்றாள் அவர் மனைவி. பிறகு பால்ச்சாமியின் போன், பிறகு மாப்பிள்ளைகளின் போன்கள் ஒவ்வொன்றாக, வெவ்வேறு சினிமாப் பாட்டோடு. மண்டபத்தில் கல்யாணச் சமையல் பாதியில் நிற்கிறதாம், பாயசம் உப்பாம். தன் விஞ்ஞானம் பலித்ததில் பால்ச்சாமிக்கு ஒரு கணம் முகம் மலர்ந்தது, அப்புறம்தான் அவருக்குத் தன் கொல்லை ஞாபகம் வந்தது.

"ஒண்ணும் கெட்டுப்போகல!" என்று அவர், இனிப்பு அவ்வளவு தூரம் ஓடாது என்று தான் சொன்னதையே மறந்து, எல்லைக் கயிற்றைத் தாண்டிக் குதித்துக் கத்தினார். "அடுத்தடுத்து இனிப்பாப் போட்டு நாலு பேரத் தூக்கு ஆத்தா, சரியாயிரும்!"

"எங்கள நடுத்தெருவுல விட்டுராத தாயி!" என்றார் தலைவர். அவர் அவளைத் தாயி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அம்பயர் வந்து இருவரையும் கயிற்றுக்கு வெளியே தள்ளினார்.

சந்தனம் கயிற்றோரம் வந்து நின்றார். முத்திருளாயி அவர் பக்கம் நடந்து போனாள்.

"உப்பு ஏறிருச்சாம்த்தா."

"கேட்டுச்சுப்பா."

"இன்னும் எத்தன பந்து இருக்கு?"

"இந்த ஓவர்ல ரெண்டு. அப்புறம் ரெண்டு ஓவர்."

அவர் தலையாட்டினார்.  அவருடைய கை சட்டைப்பையைத் தடவி லாரிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தது.

"நான் பஸ்ஸப் புடிச்சு முன்னாடி போறேன்" என்றார். "லாரிக்கு பேட்டரி கெடக்கான்னு பாக்கணும். ரா முச்சூடும் ஓட்டுனாத்தான் பிள்ளைகளுக்காச்சும் நல்ல தண்ணி குடுக்கலாம்." கொஞ்சதூரம் போய்த் திரும்பி, "நீ உன் வேலையப் பாரு" என்றார். அது கோபமா ஆசீர்வாதமா என்று அவள் கேட்கவில்லை, அவரும் நின்று சொல்லவில்லை.

அவள் பந்துவீசும் முனைக்குத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் ஒரு ஊரே இனிப்பு இனிப்பு என்று அழுதுகொண்டிருந்தது. தான் செய்தது சரியா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொண்டுதான் பந்து போடவேண்டுமென்றால் உலகத்தில் ஒரு ஓவரும் முடியாது. புதிதாக ஆட வந்தவள் கால் பதித்துக்கொண்டிருந்தாள், சின்னப் பெண், இடது காலைக் கொஞ்சம் அதிகமாகவே குறுக்கே வைத்தாள், மட்டை தாமதமாக இறங்கியது. குறுக்கே வைக்கிறவளுக்கு எது உள்ளே வருமோ அதுதான் போடவேண்டிய பந்து. இனிப்பென்றும் உப்பென்றும் அந்தக் காலுக்கு எதுவும் தெரியாது.

ரெஜினா குந்தினாள். முத்திருளாயி அந்தக் காலை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடிவரத் தொடங்கினாள்.